எல்லைக்கு வெளியே ஓர் ஆஸ்திரேலிய எழுத்தாளர்: 2019ஆம் ஆண்டின் விக்டோரியா இலக்கியப் பரிசு குறித்த நிகழ்வு ஆய்வு

2019 ஜனவரி 31 அன்று மெல்போர்னில் நடந்த விக்டோரியா மாநில முதல்வர் இலக்கிய விருது விழாவில், ஆஸ்திரேலியாவிலேயே மிகப் பெரிய தொகை கொண்ட இலக்கிய விருதான விக்டோரியா இலக்கியப் பரிசு, பெஹ்ரூஸ் பூச்சானி என்ற குர்து எழுத்தாளருக்கு அறிவிக்கப்பட்டது. அபுனைவுப் பிரிவின் பரிசும் அவருக்கே கிடைத்தது. பெரும் பரிசு 1 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், பிரிவுப் பரிசு 25 ஆயிரம் டாலர். இவற்றைப் பெற்றுக்கொள்ள அவர் மேடைக்கு வரவில்லை. வர இயலாத நிலையில் இருந்தார். பாப்புவா நியூ கினிக்குச் சொந்தமான மனுஸ் தீவில், படகில் வந்து புகலிடம் கோரிய தன்னை ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரேலிய அரசு கொண்டுபோய் விட்ட இடத்திலேயே அப்போதும் இருந்தார். நூலை ஃபார்சி எனும் பாரசீக மொழியிலிருந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஓமிட் தொஃபிகியான் அவர் சார்பில் பரிசைப் பெற்றுக்கொண்டார். பூச்சானியின் ஏற்புரை காணொளியாக வந்து சேர்ந்தது.

இந்த விருதுக்குத் தகுதி பெற ஆஸ்திரேலியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ வேண்டும் என்பது அப்போதைய விதி. பூச்சானியிடம் இரண்டுமில்லை. கிறிஸ்துமஸ் தீவில் ஏறத்தாழ ஒரு மாதம் அடைத்து வைக்கப்பட்டதைத் தவிர, ஆஸ்திரேலிய மண்ணோடு அவருக்கு நேரடித் தொடர்பே இருந்ததில்லை. அதுவரை பெருநிலப்பரப்பில் அவர் கால் வைத்ததே கிடையாது. அப்படிப்பட்ட ஒருவரை விருதுக் குழு எந்த அடிப்படையில் தன் நாட்டு எழுத்தாளராக ஏற்றது, அந்த ஏற்பு நியாயமானதா, அதனால் விளைந்தது என்ன, விளையாதது என்ன என்பதையே இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. அந்த முடிவு சரியானது என்பது என் துணிபு. இரக்கத்தின் பெயரால் அதை நியாயப்படுத்த வேண்டிய தேவையில்லை. அந்த நூல் ஆஸ்திரேலியாவைப் பற்றியது, ஆஸ்திரேலிய மக்களின் வரிப்பணத்தில் கட்டப்பட்டு நடத்தப்பட்ட ஓர் இடத்தின் உள்ளேயிருந்து எழுதப்பட்டது, ஆஸ்திரேலியாவில் பதிப்பிக்கப்பட்டது. இலக்கிய அளவுகோலின்படி பார்த்தாலே அது ஆஸ்திரேலிய நூல்தான்.

படகும் அறிவிப்பும்

பூச்சானி 1983இல் மேற்கு ஈரானின் இலாம் மாகாணத்தில் பிறந்தவர். தெஹ்ரானில் உயர்கல்வி கற்று, இதழியலுக்கு வந்து, குர்து அடையாளத்தையும் பண்பாட்டையும் பேசிய 'வெர்யா' என்ற இதழைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 2013 பிப்ரவரியில் புரட்சிக் காவல் படையினர் அந்த இதழின் அலுவலகத்துக்குள் புகுந்து 11 பேரைக் கைது செய்தபோது அவர் அங்கே இல்லை. சில மாதங்கள் தலைமறைவாக இருந்துவிட்டு மே மாதம் நாட்டை விட்டு வெளியேறினார். இந்தோனேசியாவிலிருந்து ஏறிய முதல் படகு மூழ்கியது. இரண்டாவது படகை ஜூலை இறுதியில் ஆஸ்திரேலியக் கடற்படை இடைமறித்துக் கிறிஸ்துமஸ் தீவுக்குக் கொண்டு சென்றது.

அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், ஜூலை 19 அன்று, கெவின் ரட் தலைமையிலான தொழிற்கட்சி அரசு, படகில் வந்து புகலிடம் கோரும் எவரும், அவர்கள் உண்மையான அகதிகள் என்று பின்னர் நிறுவப்பட்டாலும்கூட, ஆஸ்திரேலியாவில் ஒருபோதும் குடியமர்த்தப்படமாட்டார்கள் என்று அறிவித்திருந்தது. செப்டம்பரில் ஆட்சி மாறி மறுதரப்புக் கூட்டணி வந்தது. ஆட்சி மாறியும் கொள்கை மாறவில்லை. ஆகவே இந்த நிகழ்வை ஒரு கட்சியின் குற்றமாக மட்டும் பார்ப்பது பிழையாகிவிடும்.

மனுஸ் மாகாணத்தில் லாம்ப்ரம் கடற்படைத் தளத்துக்குள் அமைந்திருந்த முகாமுக்கு அவர் ஆகஸ்டில் அனுப்பப்பட்டார். 2014 பிப்ரவரியில் அங்கே வெடித்த கலவரத்தில் ரெசா பராத்தி என்ற ஈரானிய இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். 2016 ஏப்ரலில் பாப்புவா நியூ கினியின் உச்ச நீதிமன்றம், இவர்களை அடைத்து வைத்திருப்பது அந்நாட்டு அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2017 ஜூனில், மனுஸில் அடைக்கப்பட்டிருந்தவர்கள் தொடுத்த கூட்டு வழக்கில் 7 கோடி டாலர் இழப்பீடு தர ஆஸ்திரேலிய அரசு உடன்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று முகாம் மூடப்பட்டது; வெளியேற மறுத்தவர்கள் தண்ணீரும் மின்சாரமும் நிறுத்தப்பட்ட நிலையில் மூன்று வாரங்களுக்கு மேல் உள்ளேயே இருந்து, இறுதியில் பலவந்தமாக லோரெங்காவ் நகருக்கு அருகிலுள்ள குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். விருது அறிவிக்கப்பட்ட நாளில் பூச்சானி அந்த நகருக்கு அருகில்தான் இருந்தார். பூட்டிய கதவுக்குள் இல்லை. ஆனால் தீவை விட்டு அவர் போகக்கூடிய இடமும் எதுவுமில்லை.

கைப்பேசியில் எழுதப்பட்ட நூல்

விருது பெற்ற நூலின் பெயரைத் தமிழில் 'மலைகளைத் தவிர நண்பர் எவருமில்லை' என்று சொல்லலாம். குர்து மக்களிடையே வழங்கும் பழமொழி அது. 2018இல் பிக்காடோர் பதிப்பகம் இதை ஆஸ்திரேலியாவில் வெளியிட்டது. இந்த நூல் உருவான முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விருதுக்கான தகுதி பற்றிய கேள்விக்குரிய விடையில் பாதி இதற்குள்ளேயே இருக்கிறது.

முகாமில் காவலர்கள் எந்த நேரத்திலும் அறைகளைச் சோதனையிடக்கூடும். காகிதத்தில் எழுதி வைத்தால் அது பறிபோய்விடும் என்ற அச்சம் எப்போதும் இருந்தது. ஆகவே பூச்சானி, மறைத்துக் கொண்டுவரப்பட்ட கைப்பேசியில் ஃபார்சியில் எழுதி, எழுதியதை உடனுக்குடன் வாட்ஸ்அப் வழியாக வெளியே அனுப்பினார். கைப்பேசி கைப்பற்றப்பட்டாலும் அனுப்பிய வரிகள் பிழைத்துக்கொள்ளும். அவை சிட்னியில் இருந்த மூனஸ் மன்சூபி என்ற மொழிபெயர்ப்பாளரைச் சென்றடைந்தன. அவர் சிதறிக் கிடந்த குறுஞ்செய்திகளைக் கோத்து, அத்தியாயம் அத்தியாயமாகப் பிடிஎஃப் கோப்புகளாக்கித் தொஃபிகியானுக்கு அனுப்பினார். மெய்யியல் அறிஞரான தொஃபிகியான் அவற்றை மொழிபெயர்த்தபடியே பூச்சானியிடம் ஐயங்களைக் கேட்டார். மனுஸுக்கே சென்று அவரைச் சந்தித்துப் பேசவும் செய்தார். ஃபார்சி உரைநடையாக வந்த சில பகுதிகள் ஆங்கிலத்தில் கவிதை வரிகளாக உடைக்கப்பட்டன. இந்த உரையாடலின் விவரங்களை மொழிபெயர்ப்பாளர் நூலிலேயே நீண்ட கட்டுரையாகத் தந்திருக்கிறார். நூலை வாசித்து முடித்தபின் அதைத் தவறாமல் படிக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன். ஒரு மொழிபெயர்ப்பு எப்படி ஆராய்ச்சியாகவும் தோழமையாகவும் ஒரே சமயத்தில் நடக்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் நான் கண்டதில்லை.

நூலின் உள்ளடக்கம் முகாம் கொடுமைகளின் பட்டியல் என்று எண்ணிப் படிக்கத் தொடங்குபவர் ஏமாந்துபோவார். பூச்சானி பார்ப்பது அமைப்பை. உதாரணத்துக்கு, உணவுக்கான வரிசை. கொளுத்தும் வெயிலில் ஆண்கள் மணிக்கணக்கில் நிற்கிறார்கள்; சிறு குழுக்களாக உள்ளே விடப்படுகிறார்கள்; முன்னால் நிற்பவருக்குக் கிடைப்பது பின்னால் நிற்பவருக்குக் கிடைக்கும் என்ற உறுதியில்லை; ஏன் இன்று இப்படி, நேற்று ஏன் அப்படி என்று கேட்டால் பதில் சொல்லும் பொறுப்பு யாரிடமும் இல்லை. இந்த வரிசையில் எப்போதும் முதலாவதாக நிற்கும் ஒருவருக்குச் சக கைதிகள் 'மாடு' என்று பெயரிட்டிருக்கிறார்கள். தொடக்கத்தில் அவருடைய பெருந்தீனி நமக்கு அருவருப்பைத் தருகிறது. பக்கங்கள் நகர நகர, அந்த மனிதரை அப்படி ஆக்கியது வரிசைதான் என்பதும், அவரை வெறுக்கும் மற்றவர்களையும் அதே வரிசை வேறொரு வகையில் வடிவமைத்துக்கொண்டிருக்கிறது என்பதும் புலப்படுகின்றன. கைதிகளை ஒருவருக்கொருவர் எதிரியாக்கிக் களைப்படையச் செய்வதே முகாமின் வேலை என்பதைக் கோட்பாட்டு மொழியில் சொல்வதற்கு முன்பு, சாப்பாட்டுத் தட்டை வைத்தே அவர் காட்டிவிடுகிறார். கழிவறை, மின்னாக்கி, தொலைபேசி, சிகரெட் என்று ஒவ்வொன்றும் இதே போன்ற ஆய்வுக்கு உள்ளாகிறது.

சக கைதிகளைக் காப்பாற்றுவதற்காக அவர்களுடைய உண்மைப் பெயர்களை அவர் பயன்படுத்தவில்லை. பலருடைய இயல்புகளைக் கலந்து சில பாத்திரங்களைப் படைத்து, பட்டப்பெயர்களால் அழைக்கிறார். உரைநடைக்கு நடுவே கவிதை வருகிறது. கனவும் நனவும் எல்லை தெரியாமல் கலக்கின்றன. இதனால் இதை அபுனைவு என்று கொள்வது சரியா என்ற கேள்வி எழுந்தது. நடந்தவை உண்மை, சொன்ன முறை இலக்கியம் என்ற அளவில் அபுனைவுப் பிரிவே இதற்குப் பொருந்தும் என்று நான் கருதுகிறேன். இது குறித்து நீண்ட விவாதம் தேவையில்லை.

விதியும் விலக்கும்

விக்டோரியா மாநில முதல்வர் இலக்கிய விருதுகள் 1985இல் தொடங்கப்பட்டவை. புனைவு, அபுனைவு, கவிதை, நாடகம் முதலிய பிரிவுகளில் வென்ற நூல்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்து வழங்கும் விக்டோரியா இலக்கியப் பரிசு 2011இல் சேர்க்கப்பட்டது. பணம் மாநில அரசுடையது. நடத்துவது மெல்போர்னில் உள்ள வீலர் மையம். இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்க வேண்டும். ஆஸ்திரேலிய அரசு தான் சிறை வைத்தவருக்குத் தானே பரிசளித்தது என்று பல நாட்டு ஊடகங்களில் எழுதப்பட்டது. அது முழு உண்மையன்று. அடைத்து வைத்தது கான்பெராவில் உள்ள கூட்டாட்சி அரசு. பரிசளித்தது ஒரு மாநிலம். கூட்டாட்சி அரசு நேரடியாக நடத்தும் பிரதமர் இலக்கிய விருதுகளின் கதை வேறு. அங்கே இறுதி முடிவு பிரதமரின் கையில் இருந்தது. 2014இல் புனைவுக்கான பரிசு ஸ்டீவன் கேரலுக்கும் ரிச்சர்ட் ஃபிளனகனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டபோது, அது நடுவர்களின் தேர்வு அன்று, பிரதமரின் தலையீடு என்று நடுவர் தரப்பிலிருந்தே பேச்சு எழுந்தது. நடுவர்களுக்கும் ஆட்சியாளருக்கும் இடையே போதிய தொலைவு இருந்ததனால்தான் பூச்சானி நூலைப் பற்றிய முடிவை விக்டோரியாவில் எடுக்க முடிந்தது.

நூல் விருதுக்கு அனுப்பப்பட்டபோது, குடியுரிமை விதியிலிருந்து அதற்கு விலக்கு அளிக்கலாமா என்பதை வீலர் மையம் ஆராய்ந்து ஒப்புக்கொண்டது. நூலில் சொல்லப்படுவது ஆஸ்திரேலியாவின் கதை என்பதே அதன் நிலைப்பாடு. விலக்கால் கிடைத்தது போட்டியிடுவதற்கான அனுமதி மட்டுமே. பரிசு பின்னர் நடுவர்களால் மற்ற நூல்களோடு ஒப்பிட்டுத் தரப்பட்டது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, அனுதாபத்தால் பரிசு கொடுத்துவிட்டார்கள் என்று சொல்பவர்கள் நூலைப் படிக்கவில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது.

எதிர்வாதங்களில் ஒன்று மட்டும் கவனமான பதிலுக்கு உரியது. விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவருக்காக வளைத்தால் மற்ற எழுத்தாளர்களுக்கு அநீதி என்பது அது. குடியுரிமை விதி எதற்காக இருக்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். மாநில மக்களின் பணம், உலகச் சந்தையில் ஏற்கெனவே வலுவாக உள்ள லண்டன், நியூயார்க் எழுத்தாளர்களுக்குப் போய்விடாமல், இங்கே வாழ்ந்து இந்தச் சமூகத்தை எழுதுவோருக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதே அதன் நோக்கம். பூச்சானியை விலக்கியிருந்தால் அந்த நோக்கம் எந்த வகையிலும் காக்கப்பட்டிருக்காது. இன்னொன்றும் உண்டு. அவர் குடியுரிமை பெறாததற்குக் காரணம் அவருடைய விருப்பமின்மை அன்று. அவரை உள்ளே விடமாட்டோம் என்ற அரசின் முடிவு. அந்த முடிவைக் கண்டிக்கும் நூலை, அதே முடிவைக் காரணம் காட்டித் தகுதியற்றது என்று ஒதுக்கியிருந்தால், விருதுக் குழு அறிந்தோ அறியாமலோ முகாமின் வேலியைத் தன் வாசல் வரை நீட்டியிருக்கும்.

'ஆஸ்திரேலிய எழுத்தாளர்' யார் என்ற பழைய வழக்கு

இந்தக் கேள்வி அந்நாட்டு விருதுகளுக்குப் புதிதன்று. கிறிஸ்டினா ஸ்டெட் சிட்னியில் 1902இல் பிறந்து வளர்ந்தவர். 1928இல் ஐரோப்பாவுக்குச் சென்று, பல பதிற்றாண்டுகள் வெளிநாடுகளில் வாழ்ந்தவர். 1967இல் பிரிட்டானிக்கா ஆஸ்திரேலியா விருதுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டபோது, நெடுங்காலம் வெளியே வாழ்ந்துவிட்டதால் அவரை இனி ஆஸ்திரேலியராகக் கருத முடியாது என்று காட்டி விருது மறுக்கப்பட்டது. அவருடைய மிகச் சிறந்த நாவல், தன் சிட்னிக் குழந்தைமையை அமெரிக்காவுக்கு இடம் மாற்றி எழுதியது என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த மறுப்பின் வறட்சி விளங்கும். 1973இல் நோபல் பரிசு பெற்ற ஆஸ்திரேலிய நாவலாசிரியர் பேட்ரிக் வைட், அந்தப் பணத்தைக் கொண்டு, போதிய ஏற்புப் பெறாத எழுத்தாளர்களுக்கான ஒரு விருதை நிறுவினார். 1974இல் அதன் முதல் விருது ஸ்டெட்டுக்கே போனது. வைட்டின் வாழ்நாள் செயல்களில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

மைல்ஸ் ஃபிராங்க்ளின் விருது மற்றொரு சோதனைக்களம். நாவலாசிரியர் மைல்ஸ் ஃபிராங்க்ளின் 1954இல் இறந்தபோது தன் சொத்தை ஓர் இலக்கிய விருதுக்காக எழுதி வைத்தார். உயர்ந்த இலக்கியத் தகுதி வாய்ந்ததும் ஆஸ்திரேலிய வாழ்வை அதன் ஏதேனும் ஒரு கட்டத்தில் காட்டுவதுமான நாவலுக்கே பரிசு என்பது அவருடைய உயிலின் நிபந்தனை. 1957இல் முதல் விருது வைட்டின் நாவலுக்குக் கிடைத்தது. எழுதியவரின் கடவுச்சீட்டைப் பற்றி அந்த நிபந்தனை பேசவில்லை. எழுதப்பட்ட வாழ்வைப் பற்றியே பேசுகிறது. அடிப்படையில் இது குடியுரிமை விதியைவிட அறிவார்ந்தது. ஆனாலும் நடுவர்கள் குறுகிய பொருள் கொண்டால் எந்த நிபந்தனையும் கெட்டுவிடும். 1994இல், ஜெனீவாவில் ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தில் பணியாற்றும் ஆஸ்திரேலியப் பெண்ணொருத்தியைப் பற்றி ஃபிராங்க் மூர்ஹவுஸ் எழுதிய நாவல், ஆஸ்திரேலிய வாழ்வைக் காட்டவில்லை என்று போட்டியிலிருந்தே நீக்கப்பட்டது. அதே பெண்ணின் கதை தொடரும் அவருடைய அடுத்த நாவலுக்கு 2001இல் அதே விருது வழங்கப்பட்டது. உயிலின் வாசகம் ஓர் எழுத்துக்கூட மாறியிருக்கவில்லை.

இடையில் 1995இல் நடந்தது எல்லோரும் அறிந்தது. உக்ரேனியக் குடியேறிகளின் மகள் என்று சொல்லிக்கொண்டு ஹெலன் டெமிடென்கோ என்ற பெயரில் எழுதியவருக்கு மைல்ஸ் ஃபிராங்க்ளின் விருது வழங்கப்பட்டது. சில மாதங்களுக்குள் அவர் பிரிட்டனிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகள் என்பதும், அந்தக் குடும்ப வரலாறு புனையப்பட்டது என்பதும் வெளிப்பட்டன. எழுதியவரின் பூர்வீகத்தையே நூலின் மதிப்புக்குச் சான்றாக எடுத்துக்கொண்டால் நேரும் ஆபத்தை அந்த நிகழ்வு காட்டியது. பூச்சானி விஷயத்தில் நடுவர்கள் அந்தத் தவறைச் செய்யவில்லை. அகதி என்பதற்காக அவர்கள் தலையசைக்கவில்லை. குடிமகன் அல்லர் என்பதற்காக முகம் திருப்பவுமில்லை.

நூலுக்கு முன்னுரை எழுதிய ஃபிளனகன், பூச்சானியை ஒரு பெரும் ஆஸ்திரேலிய எழுத்தாளராக என்றேனும் ஒருநாள் வரவேற்க விரும்புவதாக எழுதியிருந்தார். 2018இல் அது ஒரு தனி எழுத்தாளரின் விருப்பம். ஆறு மாதங்களில் விருது அமைப்பொன்று அதையே தன் முடிவாக்கிக்கொண்டது.

விருது செய்ததும் செய்யாததும்

அடுத்த மாதங்களில் ஏற்புகள் அடுத்தடுத்து வந்தன. நியூ சவுத் வேல்ஸ் மாநில முதல்வர் இலக்கிய விருதுகளில் சிறப்பு விருது, ஆஸ்திரேலியப் புத்தகத் துறை விருதுகளில் அபுனைவுப் பரிசு, ஆகஸ்டில் தேசிய வாழ்க்கை வரலாற்று விருது. ஒரு நிறுவனம் முதலில் கதவைத் திறந்தால் மற்றவை பின்தொடர்வது எளிதாகிறது. புத்தகம் நாடெங்கும் பரவி விற்றது. முகாம்களைப் பற்றிய பேச்சு எண்ணிக்கைகளிலிருந்தும் தேர்தல் முழக்கங்களிலிருந்தும் விலகி, ஒரு மனிதரின் பெயரோடும் ஒரு நூலின் வாக்கியங்களோடும் நடக்கத் தொடங்கியது. முகாமில் அவருக்கு இருந்தது எம்ஈஜி45 என்ற அடையாள எண் மட்டுமே.

கொள்கை அசையவில்லை. 2019 மே மாதத் தேர்தலில் அதே அரசு மீண்டும் வென்றது. பூச்சானி மனுஸை விட்டு வெளியேறியது இலக்கியத்தின் வழியாகத்தான், ஆனால் ஆஸ்திரேலியாவுக்கு அல்ல. அவ்வாண்டு நவம்பரில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் நடந்த எழுத்தாளர் விழாவுக்கு அழைக்கப்பட்டு, குறுகிய கால விசாவில் அங்கே சென்றார். 2020 ஜூலையில் அந்த நாடு அவரை அகதியாக ஏற்றது. விருதளித்த நாட்டின் பெருநிலத்துக்கு அவர் முதன்முறையாக வந்தது 2022 இறுதியில், அடுத்த நூலின் வெளியீட்டை ஒட்டி. 2021 இறுதியில் பாப்புவா நியூ கினியுடனான ஏற்பாட்டை ஆஸ்திரேலியா முடித்துக்கொண்டபோதும், மனுஸிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் போர்ட் மோர்ஸ்பியிலேயே எஞ்சியிருந்தனர். ஓர் இலக்கிய விருது எல்லைக் கொள்கையை மாற்றும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் அது மாற்றிவிட்டது போன்ற நிறைவோடு விழாவிலிருந்து வீடு திரும்புவதும் நியாயமில்லை.

எனக்குள்ள குறை வேறிடத்தில் இருக்கிறது. மன்சூபி, தொஃபிகியான் ஆகியோரின் உழைப்பின்றி இந்த நூல் இல்லை. விருதுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதும் தனி ஓர் ஆசிரியரை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. வேறொரு மொழியில் எழுதப்பட்டு, மொழிபெயர்ப்பின் வழியாகவே முதன்முதலில் அச்சேறிய நூலுக்கு அந்தச் சட்டகத்தில் பொருத்தமான இடமில்லை. அரபு, ஃபார்சி, வியட்நாமியம், சீனம், தமிழ் என்று எத்தனையோ மொழிகளில் எழுதுவோர் வாழும் நாட்டில் இது சிறிய குறையன்று. மேடையில் தொஃபிகியான் நின்றது அவர் தற்செயலாகப் பிரதிநிதியானதால் என்று அன்றைய பார்வையாளர் எண்ணியிருக்கக்கூடும். உண்மையில் அவர் அந்த நூலின் பக்கங்களில் பாதிப் பொறுப்புடையவர்.

மனுஸில் ஈழத் தமிழர்களும் அடைக்கப்பட்டிருந்தனர். 2017 அக்டோபர் தொடக்கத்தில், முகாம் மூடப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன், ஒரு தமிழ் அகதி லோரெங்காவ் மருத்துவமனையில் இறந்தார். பூச்சானி எழுதிய வரிசைகளில் அவர்களும் நின்றார்கள். 2020இல் இதே விக்டோரியா இலக்கியப் பரிசு, இலங்கையில் 1956இல் தொடங்கிச் சிட்னியில் முடியும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் நான்கு தலைமுறைக் கதையைச் சொல்லும் எஸ். சக்திதரனின் நாடகத்துக்குக் கிடைத்தது. பூச்சானிக்குப் பரிசு அறிவிக்கப்பட்ட அந்த ஜனவரியில்தான் அந்த நாடகம் சிட்னி நகர மண்டபத்தில் முதன்முதலாக அரங்கேறிக்கொண்டிருந்தது. 2023இல் மைல்ஸ் ஃபிராங்க்ளின் விருது சங்கரி சந்திரனின் நாவலுக்கு வழங்கப்பட்டது. அவருடைய முதல் நாவல் ஆஸ்திரேலியப் பதிப்பகங்களால் போதிய அளவு ஆஸ்திரேலியத் தன்மை இல்லாதது என்று திருப்பப்பட்டு, இலங்கையில் அச்சேறியது. விருது பெற்ற நாவல் மேற்குச் சிட்னியின் ஒரு முதியோர் இல்லத்தில் நடக்கிறது. யாழ் நூலக எரிப்பும் அதில் வருகிறது, கேப்டன் குக்கின் சிலையும் வருகிறது.

சக்திதரனுக்கும் சங்கரி சந்திரனுக்கும் குடியுரிமை ஒரு கேள்வியாகவே எழவில்லை. பூச்சானிக்கு விலக்கு தேவைப்பட்டது. அது கிடைக்க ஒரு பெரிய பதிப்பகமும், ஃபிளனகனின் முன்னுரையும், பல ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் எழுதிப் பெற்ற பெயரும் அவருக்குத் துணையிருந்தன. அடுத்த தடுப்பு முகாமிலிருந்து தமிழிலோ ரோஹிங்கியா மொழியிலோ எழுதப்போகும் பெயர் தெரியாத ஒருவருக்கு இவை எதுவும் இராது. அவர் விலக்குக் கேட்டு நிற்க வேண்டியதில்லை என்ற நிலை வர வேண்டுமானால், ஆஸ்திரேலிய அரசின் பொறுப்பிலோ காவலிலோ உள்ளவர்களும் அந்நாட்டின் அகதிக் கொள்கையால் வெளிநாடுகளில் வைக்கப்பட்டவர்களும் தகுதியுடையோர் என்பது ஒவ்வொரு பொது இலக்கிய விருதின் விதியிலும் எழுத்தில் இடம்பெற வேண்டும். மொழிபெயர்க்கப்பட்ட நூலாயின் பரிசுத் தொகையில் மொழிபெயர்ப்பாளருக்கு உரிய பங்கு என்ன என்பதும் அதே விதியில் சொல்லப்பட வேண்டும்.